தானாகத் திரும்பிய பாயின்ட்

அகிலாவுக்குப் பேய் என்றால் பயமே கிடையாது. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பாயின்ட் தானாகத் திரும்பும் வரை அது உண்மையாகவும் இருந்தது.

ரயில் ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்துக்குத்தான் பாயின்ட் என்று பெயர். அகிலாவும் அவள் வகுப்புத் தோழன் கிறிஸ்டோபரும் பள்ளிக் கண்காட்சிக்காகக் குட்டி ரயில் பாதை ஒன்று அமைத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் ஒரு விரல் நீளம்தான். காஞ்சிபுரத்தில் அகிலாவின் வீட்டில், தறி அறைக்குப் பக்கத்து அறையில் பெரிய பலகை போட்டு வேலை நடந்தது.

எந்தப் பாயின்ட் வாங்குவது என்பதிலேயே சண்டை. சட்டென்று வளைவதை வாங்கலாம், இடம் மிச்சமாகும் என்றாள் அகிலா.

"அதுல பெட்டி கவுந்துடும்பா. நீளமா, மெதுவா வளையறதுதான் நல்லது. எங்கப்பா சொல்லியிருக்காரு," என்றான் கிறிஸ்டோபர்.

நீளமானதையே வாங்க அகிலா ஒத்துக்கொண்டாள். கிறிஸ்டோபரின் அப்பா முனிரத்தினம் ரயில்வேயில் பாயின்ட்களைத் திருப்பிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்தவர். போன வருடம் காய்ச்சலில் இறந்துபோனார். எஞ்சின்கூட அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

பலகையின் கோடியில் பிரியும் கிளைப் பாதையின் முடிவில், பாயின்ட்ஸ்மேன் இருக்கும் கேபின் ஒன்றைக் கிறிஸ்டோபர் தீப்பெட்டியில் செய்து வைத்தான். "இது அப்பா ரூமு," என்றான்.

அங்கே இருந்த பாயின்ட் கைக்கு எட்டவில்லை. அதனால் அதன் ஒரு பக்கத்தில் ரப்பர் பேண்டும் மறுபக்கத்தில் நூலும் கட்டினார்கள். நூலை இழுத்தால் ரயில் கேபினுக்குத் திரும்பும். விட்டால் நேரே போகும். நூல் அகிலாவின் உபயம். நெசவாளி வீட்டில் நூலுக்கா பஞ்சம்? நன்றாக முறுக்கிய பட்டு நூல், ஜன்னலோரமாக நீண்டு போனது.

ஒரு சாயங்காலம் மேகம் மூடிக்கொண்டு வந்தது. அறை மங்கியது. பக்கத்து அறையில் தறிச் சத்தம் திடீரென்று நின்றது. பேட்டரியில் ஓடிய ரயில் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

டிக்.

நேரே போக வேண்டிய ரயில் திரும்பி, கேபின் முன்னால் போய் நின்றது. எஞ்சின் விளக்கு தீப்பெட்டி ஜன்னலுக்குள் விழுந்தது. உள்ளே யாரோ விளக்கு ஏற்றியது போல இருந்தது.

"நீயா இழுத்த?" என்றாள் அகிலா.

"நான் இங்க நிக்கிறேன்பா. நீ?"

"நானும் தொடல."

மறுநாள் காலையில் பாயின்ட் பழையபடி நேராக இருந்தது. அடுத்த மேகமூட்டத்தில் மறுபடியும் டிக்.

கிறிஸ்டோபர் பயப்படவில்லை. அதுதான் அகிலாவை மிகவும் பயமுறுத்தியது. அவன் கேபினுக்குப் பக்கத்தில் குனிந்து, "அப்பா, கணக்குல பாஸாயிட்டேன்," என்றான். பிறகு நிமிர்ந்து, "கண்காட்சிக்கு இத எடுத்துக்கினு போவாணாம்பா. அங்க அப்பாவுக்கு வழி தெரியாது," என்றான்.

அகிலா பலகையை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

அடுத்த முறை அவள் அறையில் தனியாக இருந்தாள். தறிச் சத்தம் நின்றது. டிக். பேய்க்குப் பயப்படாத அகிலா ஒரே ஓட்டமாகத் தறி அறைக்கு ஓடினாள்.

அங்கே அவள் அப்பா கதிர்வேல் தறிக் கயிறுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, மூஞ்சி வெளுத்துக்கினு இருக்குது?"

"தறிய ஏம்பா நிறுத்தின?"

"ஈரக்காத்து அடிக்குது பாரு. கயிறெல்லாம் இறுகிக்கிச்சி. தளர்த்தாம எப்பிடி நெய்யறது?"

அகிலா மெதுவாகத் திரும்பிப் போய்ப் பார்த்தாள். பட்டு நூலும் அந்தக் கயிறுகளைப் போலவே இறுகி விறைத்து நின்றது.

மறுநாள் நல்ல வெயிலில், ஈரத்துணியால் நூலை முழுவதும் தடவிவிட்டுக் காத்திருந்தாள். டிக்.

பேய் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. இதைச் சொன்னால் கிறிஸ்டோபர் அவன் அப்பாவை இரண்டாம் முறையும் இழப்பான். சொல்லாவிட்டால் தினமும் தீப்பெட்டியோடு பேசிக்கொண்டே இருப்பான்.

நூல் காய்ந்த பிறகு அவனை வரவழைத்தாள். கையில் ஈரத்துணியைக் கொடுத்தாள். "நீயே தடவிப் பாரு."

அவன் தடவினான். கொஞ்ச நேரத்தில் டிக் என்றது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"அப்போ அப்பா இல்ல."

"இல்லப்பா." அகிலா பாயின்ட்டைக் காட்டினாள். "ஆனா எத்தன தடவ தானா திரும்புச்சி. ஒரு தடவயாவது பெட்டி கவுந்துச்சா? நான் சொன்னத வாங்கியிருந்தா கவுந்திருக்கும். உங்கப்பா சொன்னதுதான் இன்னும் காப்பாத்துது."

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நைலான் நூல் எடுத்து வெச்சிருக்கேன். அது ஈரத்துல இழுத்துக்காது. மாத்திடலாமா?"

கிறிஸ்டோபர் யோசித்தான். "வாணாம். பட்டு நூலே இருக்கட்டும். கண்காட்சிக்கு எடுத்துக்கினு போலாம்."

கண்காட்சி அன்று ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெயில் அடித்தது. கிருஷ்ணவேணி டீச்சர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, டிக். ரயில் கேபினுக்குத் திரும்பியது. டீச்சர் சட்டென்று பின்வாங்கினார்.

"யாருப்பா திருப்பினது?"

"மழ வருது டீச்சர். துணி காயப் போட்டிருந்தா எடுக்கச் சொல்லுங்க," என்றான் கிறிஸ்டோபர்.

எல்லோரும் வெயிலைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது. பிறகு படபடவென்று கொட்டியது. மற்றவர்கள் சைக்கிள்களை நனையாமல் நகர்த்த வெளியே ஓடினார்கள்.

கிறிஸ்டோபர் கேபினுக்குப் பக்கத்தில் குனிந்து என்னவோ மெதுவாகச் சொன்னான்.

பக்கத்திலேயே இருந்த அகிலா அது காதில் விழாதவள் போல மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.