யாரெல்லாம் நம்ம ஊரு?

காணும் பொங்கல் அன்று மாலை, மாகறல் ஊர் மைதானத்தில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி. வேகக்காரர்களுக்கு அங்கே வேலையில்லை. கால் தரையில் படாமல், எல்லோருக்கும் கடைசியாகக் கோட்டைத் தொடுகிறவருக்குத்தான் பரிசு.

சபாவும் சசிரேகாவும் ஆறாம் வகுப்புத் தோழிகள். சபா 'அத்தா' என்று கூப்பிடும் அவள் அப்பா அந்த ஊரில் நடத்தும் மளிகைக் கடை வாசலில்தான் இருவரும் போட்டிக்காக ஓட்டிப் பழகினார்கள். நத்தையே ஹாரன் அடித்து வழி கேட்கும் அளவுக்கு சபா மெதுவாக ஓட்டுவாள்.

பெயர் கொடுக்கப் போனபோது, ஏழாம் வகுப்பு ஸ்ரீகாந்த் குறுக்கே வந்து நின்றான்.

"சுகுமார் அண்ணா, போர்டுல இன்னா எழுதிகீது? நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு மட்டும்னுதானே? சபா வாலாஜாபாத்தாச்சே!"

போட்டியை நடத்தும் சுகுமார் அண்ணன் மைக்கை அணைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஆமாம்மா சபா. போன வருசம் வெளியூர்ப் பசங்க வந்து பரிசெல்லாம் வாரிக்கினு பூட்டாங்க. அதான் இந்த ரூலு."

"நான் தினமும் இங்கதானே அண்ணா கீறேன்?" என்றாள் சபா. காலையில் அத்தாவின் வண்டியில் வந்து, இங்கே பள்ளியில் படித்து, கடை மூடிய பிறகுதான் அவள் வாலாஜாபாத் திரும்புவாள்.

"ராத்திரி எங்க தூங்கறியோ, அதான் உன் ஊரு" என்றான் ஸ்ரீகாந்த்.

சபா சைக்கிளைத் திருப்பினாள்.

சபா இல்லையென்றால் பரிசு தனக்கே கிடைக்கலாம் என்று சசிரேகாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே அவள் கை சபாவின் கேரியரை இழுத்துப் பிடித்தது.

"இருடி! அண்ணா, ராத்திரி தூங்கற எடம்தான் ஊருன்னா நீங்க எந்த ஊரு? ஒரகடம் கம்பெனில நைட் ஷிப்ட்டாச்சே!"

"ஐயோ, அங்க நான் தூங்கறதே இல்ல. சூப்பர்வைசர் பாத்தா அவ்ளோதான்!"

"அப்ப உங்களுக்கு ஊரே இல்ல."

கூட்டம் சிரித்தது. ஸ்ரீகாந்த் விடவில்லை. "சரி, பொறந்த எடம்தான் ஊரு!"

"நீ எங்க பொறந்த?"

"காஞ்சிபுரம் ஆஸ்பத்திரில..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்ல இல்ல, ரேஷன் கார்டு இங்க இருக்கணும்!"

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த, மைதானத்துக்கு எதிர்வீட்டு ராணியம்மாள் குரல் கொடுத்தாள். "எங்க பையன் வேதகிரி சென்னைக்குப் போயி எத்தினியோ வருசமாச்சு. பேரு இன்னும் எங்க கார்டுலதான் கீது. கூப்பிடட்டுமா? சைக்கிளெல்லாம் ஓட்டுவான், தொப்பைதான் ஹேண்டில்பார்ல இடிக்கும்."

"பேஜாரா பூட்சே!" என்றார் சுகுமார் அண்ணன். "நீயே சொல்லு சசி, நம்ம ஊருன்னா யாரு? உத்திரமேரூர்க் கல்வெட்டுல எழுதின தேர்தல் விதி மாதிரி திட்டவட்டமா சொல்லணும்."

சசிரேகா யோசித்தாள்.

"ஒருத்தர ரெண்டு நாள் காணலன்னா, 'எங்க அவங்க?'ன்னு நாம கேக்கறோமே, அவங்க நம்ம ஊரு. போன மாசம் சபாவுக்குக் காய்ச்சல், கடைப் பக்கம் வரல. யாராச்சும் கேட்டீங்களா?"

சபா தலையைக் குனிந்துகொண்டாள். சசிரேகா கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர்கூடக் கேட்கவில்லையென்றால்?

"ஏன் கேக்காம?" என்றாள் ராணியம்மாள். "பாய்கிட்ட கேட்டு, மொளகு ரசம் வச்சுக் குடுத்தனுப்பினேனே!"

"நானும் கேட்டேன்" என்றார் டீக்கடை வேதாசலம். "அந்தப் பொண்ணு சத்தம் இல்லாம தெருவே டல்லாகீதுன்னேன்."

இன்னும் நாலைந்து கைகள் உயர்ந்தன. எல்லோரும் ஸ்ரீகாந்தைப் பார்த்தார்கள். அவன் சைக்கிள் பெல்லைத் திருகிக்கொண்டே, "நானுந்தான் கேட்டேன். சும்மாதான் கேட்டேன்" என்று முணுமுணுத்தான்.

மைக் உயிர் பெற்றது. "அடுத்த போட்டியாளர், மாகறல் சபா!"

விசில் ஊதியதும் சைக்கிள்கள் ஊர்ந்தன. சசிரேகாவின் சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் ஆடியது. கால் தரையைத் தொட்டுவிட்டது. ஒவ்வொருவராக வெளியேற, கடைசியில் மிஞ்சியது ஸ்ரீகாந்தும் சபாவும்தான். கோட்டுக்குச் சற்று முன்னால் ஸ்ரீகாந்த் தள்ளாடி, இரண்டு காலையும் ஊன்றினான். சபா மட்டும் அசைகிறாளா நிற்கிறாளா என்று தெரியாமல் போய்க் கோட்டைத் தொட்டாள்.

மைதானமே கத்தியது.

புள்ளலூரிலிருந்து வந்திருந்த ஸ்ரீகாந்தின் மாமன் மகன் அவன் தோளைத் தட்டினான். "இன்னாடா, போயும் போயும் வெளியூர்ப் பொண்ணுகிட்டயா தோத்த?"

ஸ்ரீகாந்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாருடா வெளியூரு? அவ எங்க ஊரு! எங்க ஊரு ஆளத் தவிர வேற எவனாலயும் என்னை ஜெயிக்க முடியாது, தெரிஞ்சுக்கோ!"

அதைக் கேட்டு சசிரேகா சிரித்த சிரிப்பில், அவள் பிடித்திருந்த சைக்கிள் கைநழுவித் தடாலென்று கீழே விழுந்தது.