கூடுதல் சரக்கு

சரக்கு குறைந்தால் காரணம் சொல்ல ஆயிரம் வழி உண்டு. திருடன், எலி, சப்ளையரின் மறதி, இவை எதுவும் எடுபடாவிட்டால் மேனேஜரின் மைத்துனன். சரக்கு கூடினால் என்ன சொல்வது என்றுதான் தோட்டாவுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. காலையில் கடை திறப்பதற்கு முன்னால், வழக்கம்போலத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ரேக் ரேக்காக நடந்தவன், மஞ்சள் ஸ்வெட்டர் ரேக்கின் முன்னால் நின்றுவிட்டான். வந்து இறங்கியதைவிட ஒன்று அதிகமாகக் காட்டியது.

தோட்டா என்பது பட்டப்பெயர். துப்பாக்கியோடு அலைவதால் வந்த பெயர் என்று வெளியாட்களிடம் சொல்லிக்கொள்வான். ஆள் குட்டை, உருண்டை, மொட்டைத்தலை என்பதைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். துப்பாக்கியும் சுடுகிற ஜாதி இல்லை. விசையை அமுக்கினால் ரேடியோ அலை போகும். ஒவ்வொரு துணியின் லேபிளுக்குள்ளும் தைத்திருக்கிற டேக் தன் எண்ணைச் சொல்லும். துப்பாக்கி 'கீக்' என்று கத்திக் கணக்கில் ஏற்றிக்கொள்ளும். துப்பாக்கி வந்த புதிதில் சொல்லிக்கொடுக்க வந்த ஆள் ஒரு டேக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளிக் கம்பி, வளைந்து வளைந்து. நடுவில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளி.

"இதுக்கு பேட்டரியே கிடையாதுங்க. நீங்க அனுப்புற அலையைத்தான் தின்னும். தின்னதும் முழிச்சுக்கும், பேரைச் சொல்லும், திரும்பத் தூங்கிடும்."

"நம்ம மேனேஜர் மாதிரி," என்றான் தோட்டா. எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

ஒன்று கூடுதலாகக் காட்டியதற்கு மறுநாள் ஸ்வெட்டர் இன்னும் கூடியிருந்தது. அதற்கு மறுநாள் இன்னும்.

"சார், அந்த மஞ்சள் ஸ்வெட்டர் குட்டி போடுது."

"போட்டா வித்துடு," என்றார் மேனேஜர், தலையை நிமிர்த்தாமல். "குறைஞ்சா மட்டும் என்கிட்ட வா."

அந்த ஸ்வெட்டர்கள் வந்த பெட்டிகள் வழியில் எங்கோ நனைந்திருந்தன. பிரித்த அன்றே ஒரு வாடை அடித்தது. நனைந்த நாயை மூடிய அறையில் காயப்போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் பாலையும் மறந்து வைத்துவிட்டால் வருமே, அது. துவைத்தால் போய்விடும் என்று தோட்டாவே எல்லோருக்கும் தைரியம் சொன்னான். அதோடு நிற்காமல், ஊழியர்களுக்கான தள்ளுபடியில் முதல் ஆளாக ஒன்றை மகளுக்கு வாங்கியும் போனான். மலிவு என்றால் மூக்கு அடைத்துக்கொள்ளும் ஜாதி அவன். சிட்டு அதைப் போட்டுக்கொண்டதிலிருந்து கழற்றவில்லை. லேபிள் குத்துகிறது என்றாள். அவனே கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டான்.

சிட்டுவுக்கு ஐந்து வயது. வீட்டில் அவர்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அவள் பீரோவுக்குப் பின்னாலோ கட்டிலுக்கு அடியிலோ ஒளிந்துகொள்வாள். அவன் கையைத் துப்பாக்கியாக நீட்டிக்கொண்டு, "கீக்... கீக்..." என்று வாயால் சத்தம் போட்டபடி தேடுவான். நெருங்க நெருங்க வேகம் கூடும். பிடித்ததும் "கண்டுபிடிச்சுட்டேன்!" என்று தூக்கிச் சுற்றுவான். நிஜத் துப்பாக்கியிலும் அப்படி ஒரு வசதி இருந்தது. காணாமல் போன ஒரே ஒரு டேக்கின் எண்ணைக் கொடுத்துவிட்டால் அதை மட்டும் தேடும். தூரத்தில் மெதுவாக, கிட்டத்தில் அவசரமாகக் கத்தும்.

கடையில், கூடுதலாக வந்த எண்களில் ஒன்றைக் கொடுத்துத் தேட ஆரம்பித்தான். ஸ்வெட்டர் ரேக்கில் மெதுவாகக் கத்தியது. ஒவ்வொன்றாகப் பிரித்து, கையை உள்ளே விட்டுத் துழாவினான். கம்பளி வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டது மாதிரி. கையை எடுத்தபோது விரல்களில் மெல்லிய பிசுபிசுப்பு. முகர்ந்து பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் முகர்ந்தான். எச்சில் காய்ந்த தலையணை வாடை. கையைச் சட்டையில் துடைத்தான், பிறகு சட்டையை நினைத்துக் குமட்டினான்.

அப்போது மடிப்பு அக்கா குறுக்கே வந்தாள். வாடிக்கையாளர்கள் கலைத்துப் போடும் துணிகளை நாள் முழுக்க மடித்து அடுக்குவது அவள் வேலை. அடுக்கைத் தோளில் சாய்த்து, கன்னத்தால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

ஆள் குறுக்கே வந்தால் துப்பாக்கியின் சத்தம் குறைய வேண்டும். உடம்பில் பாதிக்குமேல் தண்ணீர், தண்ணீர் அலையைக் குடித்துவிடும் என்பது துப்பாக்கி பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும். சத்தம் குறையவில்லை. அவள் கிட்டே வரவர அவசரப்பட்டது. அவள் கடந்து போனதும் நிதானமானது.

"அக்கா, கையில இருக்கிறதை வெச்சுட்டு ஒரு தடவை நடங்க."

"என்னடா தம்பி, அழகிப் போட்டியா?" வெறும் கையோடு நடந்தாள். துப்பாக்கி அலறியது. அக்கா சிரிக்கவில்லை, பின்கழுத்தைச் சொறிந்தாள். "நல்லவேளை கூப்பிட்டே. இங்க என்னமோ கடிச்சிருக்கு, நாலு நாளா அரிச்சே சாகறேன். என்னன்னு பாரு."

ஸ்டாக் ரூமில் குழல்விளக்குக்கு நேர்கீழே உட்காரவைத்துப் பார்த்தான். கொண்டைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில், சிவந்து பளபளக்கும் கட்டி. உச்சியில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை. ஓட்டைக்குள் எதுவோ அவன் மூச்சுக்காற்று பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது.

"என்னடா தெரியுது?"

"ஒண்ணுமில்லக்கா, கொப்புளம்," என்றான். ஓடிப்போயிருக்க வேண்டும். ஆனால் அவனுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அவன் வேலையையும் சேர்த்துச் செய்தவள் அக்கா. காகிதத் துண்டை மடித்துக் கட்டியின் இருபுறமும் வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அமுக்கினான்.

முதலில் மஞ்சளாகக் கொஞ்சம் வந்தது. தயிர் மாதிரிக் கெட்டியாக. ஸ்வெட்டரின் அதே மஞ்சள். அதே வாடை. பிறகு உள்ளிருந்து எதுவோ, தானாகவே, சுருட்டி வைத்த இலை விரிகிற மாதிரி வெளியே வழுக்கி வந்து காகிதத்தில் விழுந்தது. தட்டையாக இருந்தது. ஈரத்தோல் மாதிரி ஒளி ஊடுருவியது. அதற்குள்ளே வளைந்து வளைந்து வெள்ளிக் கம்பி. நடுவில் கறுப்புப் புள்ளி.

பயத்தில் அவன் விரல் விசையை அமுக்கிவிட்டது. கீக். காகிதத்தில் இருந்தது ஓரங்களைச் சுருக்கி, நீட்டி, கொழுத்த புழுவைப்போல அரை அங்குலம் துப்பாக்கியை நோக்கி வந்தது.

காகிதத்தோடு கசக்கிக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விட்டான். அது போகவில்லை. மறுபடி விட்டான். போனது. குழாயடியில் கையைத் தோல் எரியும்வரை தேய்த்தான். அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

மறுநாள் அக்கா சீக்கிரமே வந்திருந்தாள். கழுத்துவரை புடவையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு ஸ்டாக் ரூமில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"போகவே இல்ல தம்பி. வழியிலேயே சரியாயிடுச்சு. அரிப்பே இல்ல. உள்ள கதகதன்னு, ஜம்முனு இருக்கு." முகத்தில் தூக்கத்தில் சிரிப்பவளின் சிரிப்பு. "உன் துப்பாக்கியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டேன்."

அவன் காட்டவில்லை. விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டான். போர்த்திய புடவைக்குக் கீழே அவள் முதுகு, காற்றில்லாத அந்த அறையில், காற்றடித்த குளத்துத் தண்ணீர் மாதிரி அலை அலையாக அசைந்தது. அலையைத்தான் தின்னும் என்று அந்த ஆள் சொன்னது அப்போதுதான் அவனுக்கு முழுதாகக் காதில் விழுந்தது. தினமும் காலையில் ரேக் ரேக்காக நடந்து, விசையை அமுக்கி அமுக்கி, அவன்தான் இவற்றுக்குத் தீனி போட்டிருக்கிறான். தொட்டில் பிள்ளைக்குப் பாலூட்டுகிற பொறுப்போடு.

கைபேசி அடித்தது. மனைவி.

"என்னங்க, சிட்டுவுக்குக் கழுத்துல கட்டி மாதிரி இருக்கு. உடம்பு கொதிக்குது. ஸ்வெட்டரைக் கழட்டலாம்னா கத்துறா. கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்."

மேனேஜரிடம் சொல்லவில்லை. துப்பாக்கியைக் கீழே வைக்கவும் மறந்து வண்டியை எடுத்தான். காலை வெயில். சாலை முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், முதுகில் பையோடு. ஒவ்வொரு கழுத்தையும் பார்த்துக்கொண்டே போனான். மஞ்சள் நிறம் கண்ணில் பட்டபோதெல்லாம் வேகத்தைக் கூட்டினான்.

மாடிப்படியில் மனைவி எதிரே வந்தாள். "இப்பதான் தூங்கினா. மருந்து வாங்கிட்டு ஓடி வந்துடறேன். எழுப்பிடாதீங்க." அவன் கையிலிருந்ததைப் பார்த்தாள். "இதை எதுக்குக் கொண்டுவந்தீங்க? அவ விளையாடற நிலைமையிலயா இருக்கா?"

அவளைத் தாண்டி இரண்டிரண்டு படியாக மேலே ஏறினான்.

அறை இருட்டாக இல்லை. திரைச்சீலை வழியாக வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியும் அந்த வாடை நகரவில்லை. நனைந்த நாய், திரிந்த பால். சிட்டு குப்புறப் படுத்திருந்தாள், முகம் சுவர்ப்பக்கம், ஒரு கால் போர்வைக்கு வெளியே. அந்தக் குதிகாலில் நேற்று அவன் திருஷ்டிக்காகப் போட்டுவிட்ட பேனாப் பொட்டு இன்னும் அழியவில்லை.

லேபிளை வெட்டியாகிவிட்டது. குப்பையும் போய்விட்டது. ஆகவே இந்த அறையில் டேக் எதுவும் இல்லை. ஒரே ஒருமுறை. ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ள. ஒரே ஒருமுறை.

விசையை அமுக்கினான்.

ஒன்றும் இல்லை.

மூச்சை விட்டான்.

கீக்.

பிறகு எண்ண முடியாதபடி, எண்ணெய்ச் சட்டியில் கடுகைக் கொட்டியது மாதிரி, கீக்கீக்கீக்கீக். விரலை எடுத்தான். நிற்கவில்லை. துப்பாக்கியை அணைத்தான். பேட்டரியைப் பிடுங்கிக் கட்டில்மேல் எறிந்தான்.

அமைதி.

மின்விசிறி.

கீக்.

கையில் இருந்தது வெறும் பிளாஸ்டிக். சத்தம் கட்டிலில் இருந்து வந்தது.

"சிட்டு?" என்றான். "விளையாடறியா, கண்ணு?"

கீக்... கீக்...

ஒரு அடி வைத்தான். வேகம் கூடியது. பின்னால் வைத்தான். குறைந்தது. சுற்றிப்போய்ச் சுவர்ப்பக்கம் எட்டிப் பார்த்தான். அவள் கண் மூடியிருந்தது. உதடுகள் ஒட்டியிருந்தன. தலையணையில் எச்சில், மஞ்சளாக.

கதவு திறந்துதான் இருந்தது. படிக்கட்டு. வெயில். தெரு. கால்கள் அந்தப் பக்கம்தான் போகப் பார்த்தன. கோழைக் கால்கள். அவற்றைத் திட்டி, இழுத்து, கட்டிலருகே கொண்டுவந்தான்.

ஸ்வெட்டரின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினான். வரவில்லை. மெதுவாக இழுத்தான். தோலும் சேர்ந்து வந்தது. எங்கே கம்பளி முடிகிறது, எங்கே பிள்ளை தொடங்குகிறாள் என்று தெரியவில்லை. பின்னல்களுக்கு நடுவே ஓட்டைகள். வரிசை வரிசையாக. கடையில் அடுக்கியது மாதிரி ஒழுங்காக. எல்லாம் ஈரமாக. எல்லாம் மூச்சுவிட்டுக்கொண்டு.

இரண்டு கைகளையும் அவள் அடியில் கொடுத்தான். தூக்கினான். தோளில் சாய்த்துக்கொண்டான். கொதித்தாள். கனத்தாள். அவன் மகள்.

சத்தங்கள் எல்லாம் ஒன்றாகி ஒரே நீளமாகக் கூவின. பிறகு நின்றன.

"அப்பா," என்றாள் சிட்டு, அவன் காதுக்குள், தூக்கம் கலையாமல். "கண்டுபிடிச்சுட்டேன்."

அவள் பின்கழுத்தில், தலைமுடி தொடங்குகிற இடத்தில், ஓர் ஓட்டை மெல்ல விரிந்தது. உள்ளேயிருந்து வெள்ளிக் கம்பி ஒன்று ஈரத்தோடு தலைநீட்டியது. இந்தப் பக்கம் வளைந்தது. அந்தப் பக்கம் வளைந்தது. அவளைத் தாங்கியிருந்த அவன் கட்டைவிரலின் மேல் வந்து படிந்து, நகத்துக்கும் சதைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நிதானமாகத் தடவத் தொடங்கியது.