கால்சாட்சி

செருப்பை மாட்டியதும் அதில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது மதுரையில் பல் துலக்குவதுபோல ஆகிவிட்டது. எரியாவிட்டால் அன்றைய நடை கணக்கில் சேராது. சுந்தரவல்லிக்கு எரிந்தது. திடலில் போட்டிருந்த போராட்டப் பந்தலுக்குக் கிளம்பினாள்.

கோட்டைவாசல் சந்தில் அவளுக்கு வளையல் கடை. அந்தச் சந்தோடு நகரின் பழைய நடுப்பகுதி முழுவதையும் இடித்து அடுக்குமாடிகள் கட்டப் போகிறார்கள். கடைக்குப் பதிலாக ஒரு திரை தருவார்களாம். வாங்குகிறவர் கையை நீட்டினால் வளையல் போட்டதுபோல் தெரியுமாம். விரல்களை ஒடுக்கிப் பிடித்து, கண்ணாடி வளையலை உடையாமல் ஏற்றிவிடுகிற வேலையைத் திரையில் எவள் செய்வாள்? சுந்தரவல்லிக்குத் தெரிந்த பிழைப்பு அது ஒன்றுதான்.

மனு கொடுப்பதெல்லாம் எப்போதோ ஒழிந்தது. எந்திரங்களே லட்சக்கணக்கில் மனு எழுதித் தள்ள ஆரம்பித்ததும், அரசு சொல்லை நம்புவதை விட்டுவிட்டது. இப்போது கால்சாட்சிதான். இடிப்பதற்கு முன் மூன்று மாதம், செருப்பிலிருக்கும் காலடிமானி ஒவ்வொருவரின் நடையையும் குறித்துக்கொள்ளும். கூப்பிட்டுக் கூட்டிய கூட்டத்துக்கு மதிப்பில்லை. யாரும் சொல்லாமல், பழக்கத்தில் கால்கள் போகிற இடம் பிழைக்கும், மற்றது இடியும்.

காலடிக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அன்வர் தொடக்கத்திலேயே தலைபாடாக அடித்துக்கொண்டான். "யக்கா, கடையத் தொறந்து வைங்க. அப்பத்தேன் சனம் வரும்."

"போடா, மருதைக்காரவுக கடையடைச்சு எது நடக்காமப் போயிருக்கு?" என்றாள் சுந்தரவல்லி. கோபம் வந்தால் கடையடைப்பு. அவளுக்கு மட்டுமல்ல, அந்தச் சந்துக்கே ரத்தத்தில் ஊறியது. அவள் சொல்லித்தான் அத்தனை கதவும் இறங்கின. இடிக்கப்போகிற பகுதிக்குள்ளேயே இருந்த திடலில், பந்தலில் கூட்டம் சேர்ந்தது. டீக்கடை வந்தது, பூக்காரி வந்தாள், பெண்கள் காய் நறுக்கக்கூட அங்கேதான் வந்தார்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் அன்வர் பந்தலுக்கு வந்தான். முகம் செத்துக் கிடந்தது.

"எடம் பொழைச்சிருச்சுக்கா. ஆனா நம்ம சந்து இல்ல. இந்தத் திடலுதேன்."

"என்னடா ஒளர்ற? போராட வந்தது ஒங்க மிஷினுக்குத் தெரியாதா? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"மொதல்ல போராட்டம்னு கழிச்சிருச்சுக்கா. அப்பறம் யாரு கூப்பிட்டு வந்தாக? டீ குடிக்க வந்தாக, கத பேச வந்தாக. சந்துக்கு ஒரு ஆளு போகல."

தன் வாயால்தானே அத்தனை கதவையும் இறக்கினோம் என்று அன்றிரவு சுந்தரவல்லிக்குத் தூக்கமே வரவில்லை.

இடிக்கிற நாளன்று, எந்திரம் வருவதற்குள் வளையல் பெட்டிகளை எடுத்துவிட வேண்டும் என்று விடிந்ததும் கிளம்பினாள். எந்தப் பெட்டியை முதலில் இறக்குவது, எதை யார் வீட்டில் வைப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தாள்.

"வாங்கக்கா, டீ போடவா?"

நிமிர்ந்தாள். பந்தல். சந்தின் பக்கமிருந்து எந்திரம் உறுமுகிற சத்தம் கேட்டது. கடைக்குப் போகத்தான் கிளம்பியிருந்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. கால்களைக் குனிந்து பார்த்தபடி அங்கேயே நின்றாள்.