ஊதா வராத தாள்

மலாக்கா, காஜா பெராங். 1957 மார்ச் 12, காலை 10.20.

மூன்றாவது தாளும் அடுப்பிலிருந்து வெள்ளையாகவே வெளியே வந்தது. சோதனைக்கூட ரசாயனர் சேதுராமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முறையாக ஊறிய கிச்சாப்பில், அதாவது சோயா சாற்றில், அமினோ அமிலங்கள் இருக்கும். கிச்சாப்பைச் சொட்டிய தாளில் பிரிந்து நின்றாலும் அவை கண்ணுக்குத் தெரியாது. நின்ஹைட்ரின் கரைசலைத் தெளித்துச் சூடாக்கினால்தான் ஊதாப் புள்ளிகளாக எழும். கருக்கிய சர்க்கரைத் தண்ணீர் என்றால் ஒன்றும் எழாது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சுத்த அமிலமும் போன வாரமே தீர்ந்து தொலைத்திருந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சுகாதார அதிகாரி வருவார். ஊதா இல்லையென்றால் ஷரீஃபாவின் கிச்சாப் பட்டறைக்குப் பூட்டு.

"ஆறு மாசம் வெயில்ல ஊற வெச்சது சார். பொய் இல்லலா," என்றாள் வாசலில் நின்ற ஷரீஃபா.

"தாள் அப்படிச் சொல்லலையேம்மா!" கத்திவிட்டான். கத்தியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

உதவியாளர்கள் இருவர். தாளைத் தொங்கவிடுபவன் நல்லையா. இடுக்கியால் பிடி என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாலும் வெறுங்கையால் பிடித்து ஓரத்தை அசிங்கம் பண்ணுகிறவன். கரைசல் போத்தல்கள் தியாகுவின் பொறுப்பு. அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்து நேரத்தைக் குறித்தான். இடக்கையால் கோணல்மாணலாகக் கிறுக்கினான். வலக்கை கால்சட்டைப் பையில் இருந்தது.

10.45. சேதுராமன் தாளை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தான். ஓரம்கூடப் பளிச்சென்று இருந்தது. அதுதான் உறுத்தியது.

"நல்லையா, இடுக்கியாலயா பிடிச்சே?"

"மறந்துட்டேன் சார். கையாலதான்."

"மூணையுமா?"

"மூணையும்தான் சார். திட்டாதீங்க."

"அப்போ உன் விரல் அடையாளம் எங்கே? வியர்வையிலயும் அதே அமிலம்தான். தினமும் ஓரத்துல ஊதாவா நிக்குமே! கிச்சாப் பொய்யா இருக்கலாம், உன் வியர்வை பொய்யாகுமா? நின்ஹைட்ரின் இல்லாத வெறும் ஸ்பிரிட்டைத்தான் தெளிச்சிருக்கோம். தியாகு, வலக்கையை எடு."

விரல் நுனிகள் ஊதாவாக இருந்தன.

"மை கொட்டிருச்சு சார்."

"நீ எழுதறது பென்சில்ல. நின்ஹைட்ரின் போத்தலைக் காலி பண்ணும்போது தோல்ல பட்டது அது. சோப்பு போட்டாலும் போகாது."

தியாகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். "மாமாதான் பண்ணச் சொல்லிக் கேட்டாரு சார். இவங்க கடை இருக்கிறவரைக்கும் அவரு கிச்சாப்பை யாரும் சீண்ட மாட்டேங்கிறாங்க."

11.40. புதிதாகக் கரைத்த நின்ஹைட்ரின், அதே வெள்ளைத் தாள். சூடு ஏற ஏறப் புள்ளிகள் வரிசையாக எழுந்தன. ஷரீஃபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தாளின் ஓரத்தில் ஐந்து விரல்கள் ஊதாவாகத் தெரிந்தன. நல்லையா தலைகுனிந்து நின்றான். சேதுராமன் பழக்கத்தில் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"நாளையிலேருந்து இடுக்கி," என்றான்.