அறுபதில் ஆடும் கார்

போடியில் எந்த வண்டியும் ஆடாது. டம்ளர் நிறைய டீயை ஊற்றி முன்பலகையில் வைத்துக்கொண்டு தேனிவரை போய்விடலாம், ஒரு சொட்டு சிந்தாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத ஆள் ஊரில் கிடையாது. அப்பேர்ப்பட்ட சாலையில்தான் தவமணியின் பழைய கார், அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் சாமி வந்தது போல ஆடியது.

பக்கத்து இருக்கையில் மெக்கானிக் காசிமாயன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்டியரிங் ஆடினால் முன்பக்கக் கோளாறு, இருக்கை ஆடினால் பின்பக்கக் கோளாறு என்பது அவன் தொழில் பாடம். இந்தக் காரில் இரண்டும் ஆடின.

“நியூட்ரல்ல போடுக்கா.”

போட்டாள். இன்ஜின் அடங்கியது, வண்டி தன் போக்கில் உருண்டது. ஆட்டம் கொஞ்சமும் குறையவில்லை.

“அப்ப இன்ஜின் இல்ல.”

“இதையே போன வாரமும் சொன்ன. இன்ஜின் மவுண்டிங்க மாத்துனதுக்கு அப்புறமா சொன்ன.”

காசிமாயன் கண்ணைத் திறந்தான். மவுண்டிங், சக்கர பேலன்ஸ், நடு பேரிங் என்று ஒரு மாதமாக மாற்றிக்கொண்டே இருக்கிறான். முதலில் மாற்றியது கிராஸ். இன்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டில், மூட்டு மாதிரி இருக்கும் சின்ன இரும்புத் துண்டு அது. தேய்ந்து லொடலொடவென்று கிடந்தது. ஆண்டுத் தகுதிச் சோதனைக்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று அவனேதான் சொன்னான். மாற்றிய மறுநாளிலிருந்துதான் ஆட்டம்.

அந்தச் சோதனையில் கார் இரண்டு முறை தோற்றுவிட்டது. மூன்றாவது முறையும் தோற்றால் நேராக நசுக்காலைக்குப் போகும். ஒரு மணி நேரத்தில் இரும்புக் கட்டியாக வெளியே வரும். தவமணிக்குக் கார் மேல் பாசமெல்லாம் ஒன்றும் இல்லை. அவள் கணவன் பவுன்ராஜுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று நாள் மலைமேல் கரடிச்சோலையிலிருந்து போடி ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு இறங்க வேண்டும். ஊரில் எல்லாரும் வைத்திருக்கும், ஓட்டுநர் இல்லாத பொதுவண்டிகள் மலையடிவாரத்தில் முந்தலோடு திரும்பிவிடும். அதற்கு மேல் அமைதிச்சாலை இல்லை, அது இல்லாத இடத்துக்குப் போக அவற்றுக்கு அனுமதியும் இல்லை. இந்தக் கார் போனால் பவுன்ராஜும் போனான். அவள் பயந்துதான் போயிருந்தாள்.

அமைதிச்சாலை என்பது பெரிய மந்திரம் இல்லை. தாருக்கு அடியில் எதிரதிர்வுப் படலம் என்று ஒன்று விரித்திருக்கிறார்கள். வண்டி ஒரு பக்கம் உதறினால், அதே நேரம், அதே பலத்தில், படலம் மறுபக்கம் தள்ளும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். உள்ளே இருப்பவர் சுகமாகத் தூங்குவார்.

மறுநாள் காசிமாயன், கோபத்தில் எந்த மெக்கானிக்கும் செய்யாத ஒன்றைச் செய்தான். நீளத் தண்டையே கழற்றி ஓரமாக வைத்தான். காரைக் கயிற்றில் கட்டி, நண்பனின் பொதுவண்டியை இழுக்கவைத்து, தான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். இன்ஜின் ஓடவில்லை. தண்டு இல்லை. அறுபது வந்தது. கார் ஆடியது.

“சுத்துறதுக்கே ஒண்ணும் இல்லக்கா! எது ஆடுது?” என்று பட்டறைக்குத் திரும்பியதும் தலையில் கைவைத்துக்கொண்டான். “சக்கரத்த நாலு தடவ பாத்துட்டேன். பேய் பிடிச்ச வண்டியா இருக்கும் போல.”

பவுன்ராஜ் அன்று டயாலிசிஸ் முடிந்து, பட்டறை பெஞ்சில் சாய்ந்திருந்தான். ஊசி ஏறிய கையை மடியில் வைத்திருந்தான். மெதுவாகத்தான் பேசினான்.

“கீழதான் மாப்ள ஆடுது. மேல நம்ம ரோடு இப்ப நல்லாருக்கே. எப்பப் போட்டாய்ங்க?”

“எந்த ரோடு மாமா?”

“மலை ரோடுதான். ஒரு மாசமா அந்த உதறலே இல்ல. முன்னாடியெல்லாம் கைய நெஞ்சோட அணச்சுக்கிட்டுத்தான் வருவேன்.”

“அங்க எவன் ரோடு போட்டான்?” என்றாள் தவமணி. “குழியெல்லாம் அப்படியேதான் கெடக்கு.”

காசிமாயன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். பழைய சாலையில் வண்டி குலுங்கினால் ஊரார் சாலையைத் திட்டுவார்கள். அமைதிச்சாலையில் குலுங்கினால் வண்டியைத் திட்டுவார்கள். அவனும் ஊரார் மாதிரியே வண்டியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

அடுத்த தெரு வாத்தியாரின் பொதுவண்டியைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிவந்தான். பட்டறை லிப்டில் தூக்கி நிறுத்தி, சாலையின் உதவி இல்லாமல் சக்கரங்களை அந்தரத்தில் அறுபதுக்கு ஓடவிட்டான். லிப்ட் நடுங்கியது. சுவரில் மாட்டியிருந்த சாவிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வாத்தியார் அலறிக்கொண்டு ஓடிவந்து நிறுத்தச் சொன்னார்.

தொடக்கத்தில் படலம் ஒவ்வொரு வண்டியின் உதறலையும் கேட்டு, அதற்கேற்பப் பதில் கொடுத்தது. அதற்கு மின்சாரம் தாளவில்லை. எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த பொதுவண்டிக்கு மாறியதும், சாலை வாரியம் கேட்பதை நிறுத்திவிட்டது. சக்கரச் சுற்றை மட்டும் எண்ணி, எல்லா வண்டிக்கும் ஒரே பதில். வண்டி செய்கிறவர்களும் விவரமானவர்கள்தான். சாலைதான் உதறலைத் தின்றுவிடுகிறதே, சக்கர அச்சை எதற்குச் சமன் செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். தவமணியின் தேய்ந்த கிராஸ் கிட்டத்தட்ட அதே மாதிரி உதறியதால், சாலை அதையும் சேர்த்துத் தின்றது. வண்டி சரியானதும், சாலை தள்ளிய தள்ளுக்கு எதிர்த்தள்ளு இல்லாமல் கார் ஆடியது.

மறுநாள் சோதனை நிலைய அதிகாரி சகாயமேரி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். கெட்ட மனுஷி இல்லை.

“நீங்க சொல்றபடி பாத்தா, ஊர்ல இருக்கற நாப்பதாயிரம் வண்டியும் கெட்டது, இந்த ஒண்ணு மட்டும் நல்லது. அப்படித்தானே?”

“ஆமா மேடம்,” என்றான் காசிமாயன். சொல்லும்போது அவனுக்கே நம்பிக்கை இல்லை.

“சரி, சாலை மேல புகார் எழுதுங்க. படிவம் இருக்கு. தகுதிச் சான்று இருக்கற வண்டிக்காரங்கதான் எழுத முடியும்.”

“சான்று வாங்கணும்னா?”

“இந்தச் சாலைல ஆடாம ஓட்டிக் காட்டணும்.”

வெளியே வந்ததும் தவமணி டிக்கியைத் திறந்தாள். மாற்றிய பழைய சாமானைக் காகிதத்தில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். நிஜமாகவே மாற்றினான் என்பதற்குச் சாட்சி. தேய்ந்த கிராஸ் எண்ணெய்க் கறையோடு அதில் கிடந்தது.

“இத மாட்டு.”

“தேஞ்சதுக்கா. தெரிஞ்சே எப்படி மாட்டுறது?”

“நாளைக்கி அவர நீ முதுகுல தூக்கிட்டு எறங்குறியா?”

காசிமாயன் அங்கேயே, புளியமரத்தடியில், காருக்கு அடியில் படுத்தான். நல்ல கிராஸைக் கழற்றித் தேய்ந்ததை மாட்டும்போது அவன் கை கூசியது. முடித்ததும் ஓட்டிக் காட்டினார்கள். அறுபது. எழுபது. கார் தொட்டில் மாதிரி போனது. அதிர்வுமானியில் பூச்சியம் விழுந்தது.

“பாத்தீங்களா? வண்டியிலதான் குறை,” என்றாள் சகாயமேரி சந்தோஷமாக. “கழட்டுன பாகத்தக் குடுங்க. நசுக்குனாத்தான் சான்று. இல்லேன்னா மறுபடி அதையே மாட்டிருவாங்க.”

காசிமாயன் தவமணியைப் பார்த்தான். மதுரையில் ஒரு லேத்தில் சொல்லிவைத்து, மூன்று மாதம் காத்திருந்து வாங்கிய கிராஸ் அது. கொடுத்துவிடு என்று தவமணி தலையை ஆட்டினாள்.

“புதுசு மாதிரி பளபளங்குதே?” என்றாள் அதிகாரி.

“அதான் மேடம் அதோட குறை,” என்றான் காசிமாயன்.

சகாயமேரிக்கு அது புரியவில்லை. நசுக்கும் பெட்டிக்குள் போட்டாள். கடகடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முன்கண்ணாடியில் பச்சை முத்திரை ஒட்டினார்கள். இப்போது புகார் எழுதும் தகுதி தவமணிக்கு வந்துவிட்டது. படிவத்தின் முதல் கேள்வி, ‘தங்கள் வண்டியில் சாலையால் உணரும் ஆட்டத்தின் அளவு’. அவள் அதிர்வுமானியின் பூச்சியத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“மதுரைல மறுபடி சொல்லி வைக்கிறேன்,” என்றான் காசிமாயன். “அதுவரைக்கும் ஏத்தத்துல மெதுவாப் போக்கா. அது எத்தன நாளு தாங்கும்னு எனக்குத் தெரியல.”

மறுநாள் டயாலிசிஸ் முடிந்து மதியம் கிளம்பினார்கள். முந்தல்வரை பவுன்ராஜ் பின்னிருக்கையில் அசையாமல் தூங்கினான். முன்னால் போன பொதுவண்டிகள், அமைதிச்சாலை முடியும் அடிவாரக் கோட்டில் ஒழுங்காகத் திரும்பிக்கொண்டிருந்தன. கார் கோட்டைத் தாண்டி ஏற்றத்தில் இழுக்கத் தொடங்கியதும், அடியிலிருந்து ஒரு உதறல் கிளம்பி இருக்கை வழியாக ஏறியது. பவுன்ராஜ் விழித்துக்கொண்டு, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“ரோடு மறுபடியும் கெட்டுப்போச்சா தவமணி?”

தவமணி வேகத்தைக் குறைத்தாள். பச்சை முத்திரை கண்ணாடியில் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஆமாங்க, கெட்டுப்போச்சு,” என்றாள். எந்த ரோடு என்று சொல்லவில்லை.