கழித்தல் ஐந்தாம் படி

"கழட்டுங்க மாமா."

"எதுக்குக் கழட்டணும்? நேத்துத்தான் கட்டியிருக்கு. பக்கத்து வீட்டுப் பையன ஏணியில ஏத்தி, கயிறு பத்தாம வீட்டு ஆட்டுக் கயித்த அவுத்துட்டு வந்து..."

"கட்டச் சொல்லி நான் கேட்டேனா? என்கிட்ட ஒரு வார்த்த..."

"...கட்டியிருக்கேன். ஆடு இப்ப ஊர் மேயுது. அது தெரியுமா ஒனக்கு?"

"அப்ப ஆட்டக் கட்டுங்க. என்னைய அவுத்து விடுங்க."

எம்.ரெட்டியபட்டிக்குப் போகிற சாலையில் அந்த ஊர். பஸ் நிறுத்தத்தில் நின்றுதான் முனீஸ்வரியும் அவளுடைய தாய்மாமன் மருதுபாண்டியும் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் தலைக்கு மேலே, இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே, அகலமான பிளெக்ஸ் ஒன்று காற்றில் படபடத்தது. ஒன்றிய அளவில் நடந்த கணக்குத் தேர்வில் ஏழாம் வகுப்பு முனீஸ்வரி முதலிடம் பிடித்ததற்காக மாமா வைத்தது.

அதில் முனீஸ்வரியின் படம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவில் இருந்தது. வாழ்த்துகிற மாமாவின் படமோ, கறுப்புக் கண்ணாடியோடு, ஆள் உயரத்துக்கு இருந்தது. கீழே வரிசையாகச் சொந்தக்காரர்கள். கடைசியில் மாமாவின் கைக்குழந்தை. அதுவும் வாழ்த்தியது.

"ஊருக்கே பெருமை தாயி. எல்லாரும் நின்னு பாத்துட்டுப் போறாக."

"பாத்துட்டு வீட்டுக்குப் போயி பிள்ளைகள அடிக்கிறாக. நம்ம தெருவுல நேத்து ஒரு வீடு பாக்கி இல்ல. வேணும்னா இவனக் கேளுங்க."

பக்கத்தில் நின்ற காளீஸ்வரன் தலையைத் தடவினான். முனீஸ்வரியின் வகுப்புதான் அவனும்.

"எங்கம்மா என்னைய இங்க நிப்பாட்டி, 'அவளும் சோறுதான் திங்கிறா, நீயும் சோறுதான் திங்கிற, பாருலே'ன்னு கொட்டுனா மாமா. பாத்தேன். நல்லாப் பாத்துட்டு மரத்துல ஏறி மீச போட்டேன்."

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். முனீஸ்வரியின் முகத்தில் கரியால் போட்ட முறுக்கு மீசை இருந்தது.

"ஏலே, அது நீதானா?" மாமா கையை ஓங்கினார்.

"விடுங்க மாமா, நல்லாத்தான் இருக்கு. ஏன் காளி, மாமாவுக்குப் போடலையா?"

"அவுகளுக்கு ஏற்கெனவே இருக்கே."

மாமா தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அடி வாங்குனது கூடப் பரவால்ல மாமா. எம் பக்கத்துல உக்கார்ற செல்வி மூணு நாளா பள்ளிக்கூடத்துக்கு வரல. நீங்க இத மொதல்ல ரெட்டியபட்டி முக்குல கட்டுனீகள்ல, அன்னியில இருந்து வரல."

"ரெட்டியபட்டியில கட்டுனதுக்கும் செல்வி வராததுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதத்தான் கேக்கப் போறேன்."

*

பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேரே செல்வியின் அப்பா ராமசுப்புவின் காட்டுக்குப் போனாள் முனீஸ்வரி. கரிசல் வெடித்துக் கிடந்தது. பருத்தி வெள்ளை வெள்ளையாக வெடித்து நின்றது. செல்வலட்சுமி இடுப்பில் துணியை மடியாகக் கட்டிக்கொண்டு, குனிந்து பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏ செல்வி."

செல்வி அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

"ஒன்னையத்தான்டி."

"பிளெக்ஸ்ல இருக்கவுக எல்லாம் காட்டுக்குள்ள வரக் கூடாது. கால்ல முள்ளு குத்திரும்."

"நானா வச்சேன்? எங்க மாமா வச்சாரு."

"யாரு வச்சா எனக்கென்ன. எங்கப்பா வண்டிய நிறுத்தி, என்னைய எறக்கிவிட்டு அதப் பாக்கச் சொன்னாரு. 'அது படிக்கிற பிள்ள. ஒனக்குக் கணக்குல பதினொண்ணு. பருத்தி எடுக்க ஆள் கெடைக்கல, நாளையில இருந்து காட்டுக்கு வா'ன்னாரு."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தச் சொல்ல? பதினொண்ணுதான வாங்குனேன்."

செல்விக்கு அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்த சமயத்தில்தான் பள்ளியில் முழுக்கள் பாடம் நடந்தது. கூட்டல் எண், கழித்தல் எண், இரண்டையும் சேர்ப்பது, பிரிப்பது. அவள் திரும்பி வந்தபோது வகுப்பு வெகுதூரம் போயிருந்தது. அதற்குப் பிறகு கணக்கில் எதுவுமே அவளுக்குப் பிடிபடவில்லை. இது முனீஸ்வரிக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தானே.

ராமசுப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்தார்.

"பெரியப்பா, செல்விய எப்ப பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவீக?"

"படிப்பு வந்தா அனுப்ப மாட்டேனா? வரலையே தாயி. ஒனக்கு வருது, நீ படி. எல்லாருக்குமா வரும்?"

"வரும்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். அடுத்த வெள்ளிக்கிழம கணக்குப் பரீட்ச இருக்கு. அன்னிக்கு மட்டும் அனுப்புங்க. பாஸானா அவ பள்ளிக்கூடத்துக்கு வரணும்."

"பெயிலானா பருத்தி எடுக்கணும். அதுக்கப்புறம் யாரும் வந்து பேசக் கூடாது. சரியா?"

"சரி."

ராமசுப்பு மூட்டையோடு நடந்துவிட்டார். செல்வி நிமிர்ந்தாள். மூன்று நாளில் முதல்முறையாக முனீஸ்வரியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஏண்டி, பரீட்ச எழுதப்போறது நானு. சரின்னு சொல்ல நீ யாரு?"

*

மறுநாள் காலை பால்காரர் வருவதற்கு முன்பே முனீஸ்வரி வேப்பமரத்தில் ஏறிவிட்டாள். ஒரு முடிச்சை அவிழ்த்தாள். இன்னொன்று அவிழவில்லை, அறுத்தாள். பிளெக்ஸ் தொப்பென்று விழுந்தது. மாமா தன் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"என்ன காரியம் தாயி பண்ணிட்ட?"

"இதுல இருக்கது எம் மூஞ்சி மாமா. எனக்கு உரிமை உண்டு."

"எம் மூஞ்சியும் இருக்கில்ல?"

"வேணும்னா உங்கள மட்டும் வெட்டித் தந்துரவா?"

மாமா கீழே கிடந்த தன்னைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியில் ஒரு எறும்பு ஊர்ந்தது.

"எதுக்குத்தான் இது ஒனக்கு?"

"போர்டு வேணும். இதோட முதுகு வெள்ளையா இருக்கு, எழுதலாம்."

"ஒங்கம்மாகிட்ட நான் ஒண்ணும் பேச மாட்டேன். நீயே சொல்லிக்க."

சொல்லிவிட்டு, பிளெக்ஸின் மறுமுனையை அவரே பிடித்துச் சுருட்டினார்.

*

ஊருணிக் கரையில் இரண்டு கருவேல மரத்துக்கு நடுவே பிளெக்ஸ் மறுபடியும் ஏறியது. இந்தத் தடவை சொந்தக்காரர்கள் எல்லாம் பின்பக்கம் தண்ணீரைப் பார்த்து வாழ்த்தினார்கள். முன்பக்கம் வெறும் வெள்ளை. எழுதுவதற்குக் கரிமூட்டத்திலிருந்து பொறுக்கி வந்த கரித்துண்டு.

பருத்தி நிறுத்து முடிந்ததும் செல்வி வந்தாள். கை முழுக்கக் கீறல். காளீஸ்வரன் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருந்தான்.

முனீஸ்வரி கரியை எடுத்து மளமளவென்று எழுதினாள்.

"ரெண்டு எண்ணுக்கும் ஒரே குறின்னா கூட்டணும். வேற வேற குறின்னா கழிக்கணும். பெரிய எண்ணோட குறியப் போடணும். அவ்வளவுதான். புரிஞ்சதா?"

"இல்ல."

"இன்னொரு தடவ சொல்றேன். ஒரே குறின்னா..."

"நீயும் சார் மாதிரியே போர்டப் பாத்துப் பேசுற. நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

"இதுகூடப் புரியலைன்னா எப்படிடி?"

"அதான் ஒன்னைய மட்டும் பிளெக்ஸ்ல போட்டிருக்கு." செல்வி எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

முனீஸ்வரிக்குக் காது சூடானது. 'இதுகூடப் புரியலையா' என்பதைத்தானே ஊரில் எல்லோரும் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"போகாத. நில்லு. எனக்கும் இது இப்படிப் புரியல. சார் சொன்னப்ப எனக்கும் தலையும் புரியல, வாலும் புரியல."

"பொய்."

"சத்தியமா. நான் வேற மாதிரி படிச்சேன். யாருகிட்டயும் சொல்லல. சொன்னா சிரிப்பீக."

"சிரிக்கிற விசயம்னா எனக்கு வேணும், சொல்லு," என்றான் காளீஸ்வரன்.

முனீஸ்வரி கரித்துண்டைக் கீழே போட்டுவிட்டு ஊருணிப் படிக்கட்டுக்குப் போனாள். தண்ணீர் அடியில் கிடந்தது. மேலே கரையிலிருந்து கல்படிகள் வரிசையாக இறங்கின.

"கரைதான் பூஜ்யம். கீழ இறங்குற ஒவ்வொரு படியும் கழித்தல். கழித்தல் ஒண்ணு, கழித்தல் ரெண்டு. காளி, நீ போயி கழித்தல் அஞ்சுல நில்லு."

காளீஸ்வரன் எண்ணிக்கொண்டே குதித்து இறங்கி நின்றான்.

"செல்வி, இப்ப அவனோட மூணக் கூட்டு."

"ஏறச் சொல்லணுமா, எறங்கச் சொல்லணுமா?"

"எனக்கென்ன தெரியும். கூட்டுறது நீதான."

செல்வி கொஞ்ச நேரம் படிகளைப் பார்த்தாள். முனீஸ்வரி வாயைத் திறக்கப் போய், உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றாள். அது அவளுக்குக் கணக்கைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஏலே காளி, மேல ஏறு. மூணு படி. நில்லு. எங்க நிக்க?"

"கழித்தல் ரெண்டுல."

"அப்ப கழித்தல் ரெண்டு," என்றாள் செல்வி. பிறகு அவளாகவே, "திரும்ப அஞ்சுக்குப் போ. இப்பக் கழித்தல் மூணக் கூட்டுறேன். அப்ப நீ கீழ எறங்கணும்."

"எறங்குனா சகதி."

"கணக்குன்னா கணக்குதான். எறங்குலே."

காளீஸ்வரன் மூன்று படி இறங்கினான். முழங்கால் வரை சேறு.

"கழித்தல் எட்டு," என்று கீழேயிருந்து கத்தினான். "இங்க ஒரு தவளையும் இருக்கு."

*

வீட்டில் அம்மா முருகேஸ்வரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் விருதுநகர்ல மாவட்டப் பரீட்ச. அத விட்டுட்டு ஊருணிக் கரையில தெனமும் கச்சேரி."

"கச்சேரி இல்லம்மா. கணக்கு."

"அந்தப் பிள்ள பாஸானா ஒனக்கு என்ன கெடைக்கும்?"

"பக்கத்துல உக்கார ஆள் கெடைக்கும். பெஞ்சுல நான் தனியா உக்காந்திருக்கேன்."

"நீ மாவட்டத்துல தோத்துட்டு வந்தா?"

"தோத்தா பிளெக்ஸ் வைக்க மாட்டாகல்ல? அதுவும் நல்லதுதான்."

அம்மா தோசைக் கரண்டியை ஓங்கினாள். ஆனால் மறுநாள் தூக்குவாளியில் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் சுண்டல் போட்டுக் கொடுத்தாள்.

*

வெள்ளிக்கிழமை செல்வி பரீட்சை எழுதினாள். திங்கட்கிழமை வீரணன் சார் தாள் கொடுத்தார். செல்வி வரவில்லை. அவள் தாளை முனீஸ்வரிதான் வாங்கினாள்.

முப்பத்தொன்று. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும்.

முனீஸ்வரி நின்ற இடத்திலேயே மறுபடி கூட்டிப் பார்த்தாள். சார் தப்பாகக் கூட்டியிருக்கக் கூடாதா என்று இருந்தது. கூட்டல் சரியாகத்தான் இருந்தது. முழுக்களில் கேட்ட கணக்கு எல்லாம் சரி, ஒன்றுகூடத் தப்பில்லை. பின்னம் கேட்ட பக்கம் வெறுமையாக இருந்தது. பின்னத்தை அவர்கள் தொடவே இல்லை.

காட்டுக்குப் போகிற வழியில் காளீஸ்வரன் தாளை உற்றுப் பார்த்தான்.

"மூண எட்டா ஆக்குறது லேசு. ரெண்டு வளைவுதான். எண்பத்தொண்ணு."

"ஒன் மீச போடுற வேலையெல்லாம் இதுல வேணாம்."

செல்வி தாளை வாங்கிப் பார்த்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். திருப்பினாள். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள். அங்கே வரிசையாக சார் போட்ட சரி அடையாளங்கள். அவள் முகத்தில் அழுகை இல்லை.

ராமசுப்பு வந்தார். "எம்புட்டு?"

"முப்பத்தொண்ணு," என்றாள் செல்வி.

"பாஸுக்கு?"

"முப்பத்தஞ்சு."

"அப்பப் பெயிலு."

"பெரியப்பா, பதினொண்ணுல இருந்து..." என்று ஆரம்பித்தாள் முனீஸ்வரி.

"பேச்சு பேச்சுதான் தாயி. நீதான சரின்னு சொன்ன?"

"சொன்னேன். நான் சொன்னது தப்பு. அவளுக்காகச் சரின்னு சொல்ல எனக்கு உரிமை கெடையாது. நீங்களும் என்கிட்டதான் கேட்டீக, அவகிட்டக் கேக்கல. இப்பக் கேளுங்க."

"அவ என்னத்தச் சொல்லப் போறா?"

செல்வி இடுப்பு மடியை அவிழ்த்தாள். அன்று எடுத்த பருத்தியை அப்பாவின் சாக்கில் கொட்டினாள். துணியை உதறி மடித்து வரப்பில் வைத்தாள்.

"எனக்கு இன்னும் பின்னந்தான் வரல. நாளையில இருந்து நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்பா. சாயங்காலம் வந்து பருத்தி எடுக்கேன்."

"போயி? அதுலயும் பெயிலாயிட்டா?"

முனீஸ்வரி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். செல்வி அப்பாவுக்கு நேராக நின்றாள்.

"போன வருசம் மழை ஏமாத்திருச்சு, வெதச்ச பருத்தி அம்புட்டும் கருகிப்போச்சு. அதுக்காக இந்த வருசம் வெதைக்காமலா இருந்தீக?"