ஷீட் மெஷினுக்கு ஓர் எலுமிச்சை

நாங்கள் அந்தக் கட்டடத்தின் முன்னால் போய் இறங்கியபோது நல்ல வெயில். ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் சாலை. இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு காலத்தில் அதெல்லாம் கித்தாக் காடு, ரப்பர் மரங்கள். மரங்களை வெட்டியவர்கள் தோட்டத்தின் பால் ஸ்டோரை மட்டும் இடிக்காமல் விட்டிருந்தார்கள். பாலை உறையவைத்த தொட்டிகளும் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்ட அறையும் அப்படியே இருந்தன. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மத்தியான வெயில் கண்ணைக் குத்தும். உள்ளே கால் வைத்தால் கரிச்சுவரும் இருட்டும், புளித்த பாலின் பழைய வாடையும்தான்.

என் அக்கா சரளா அதை ஊர்ச் சனங்களுக்கான அச்சுப் பட்டறையாக மாற்றிக்கொண்டிருந்தாள். லினோ தகட்டில் படம் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுப்பதுதான் அவள் தொழில். யார் வேண்டுமானாலும் வந்து கற்றுக்கொள்ளலாம் என்று ஈப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

நான் அவளுக்குக் கையாள், தங்கை தினேஸ். படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச வராது. மை உருட்டவும் ஈரக் காகிதத்தைக் கொடியில் மாட்டவும் பேச்சு தேவையில்லை. அதனால் அந்த இடம் அவளைவிட எனக்குத்தான் வேண்டியிருந்தது.

சரளாவின் வலது கையை நான் அடிக்கடி பார்த்துக்கொண்டிருப்பேன். உளி பட்ட தழும்புகள், நகக்கண்ணில் போகாத மை. எங்கள் வீட்டில் சோறு போட்டது அந்தக் கைதான்.

அச்சு மெஷினைக் கண்டெடுத்தது கோகிலன் அண்ணன். வெல்டிங் கடை வைத்திருப்பவர். கூரையைச் சரிசெய்ய வந்தார்.

“சரளா, அச்சு மெஷின் வேணும்னு கோலாலம்பூர் முழுக்க அலஞ்சியே. இங்கயே ஒண்ணு கெடக்குதுலா!”

குப்பைக்கு அடியில் இருந்தது பழைய ஷீட் மெஷின். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இரும்பு உருளைகள். உறைந்த பாலை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் தட்டையான ஷீட்டாக வரும். காகிதத்தையும் அப்படியே கொடுக்கலாம். இன்ஜின் பெல்ட் இருந்த இடத்தில் அண்ணன் ஒரு கைப்பிடியை வெல்டிங் வைத்துக் கொடுத்தார்.

துருவைத் தேய்த்து எடுத்ததும் சரளா மஞ்சள் குங்குமம் வைத்தாள். புது வண்டிக்கு டயரின் கீழ் வைப்பதுபோல, உருளைகளுக்கு நடுவே குங்குமம் தொட்ட ஓர் எலுமிச்சையை வைத்தாள்.

“சுத்துங்கண்ணே.”

அண்ணன் சுற்றினார். எலுமிச்சை உள்ளே போனது. தோல் பிளக்கும் சத்தம் கேட்டது.

மறுபக்கம் எதுவும் வரவில்லை.

தோல் இல்லை. விதை இல்லை. உருளையில் ஈரம்கூட இல்லை.

“அலாமாக், நல்ல பசிபோல!” என்று அண்ணன் சிரித்தார். சரளாவும் சிரித்தாள். நான் மறுபக்கம் குனிந்து தேடிக்கொண்டே இருந்தேன்.

முதல் அச்சு, ஈப்போவின் சுண்ணாம்புக் குன்று. சரளாவே செதுக்கியது. காகிதம் என் பக்கம் வந்தபோது குன்றின் அடிவாரத்தில் நான்கு கோடுகள் கூடுதலாக இருந்தன.

விரல் நுனிகள்.

தகட்டைத் துடைத்துப் பார்த்தோம். அதில் குன்று மட்டுமே இருந்தது. அடுத்த காகிதத்தில் உள்ளங்கை வந்தது. அதற்கடுத்ததில் மணிக்கட்டும், அதில் அடுக்காகக் கண்ணாடி வளையல்களும். ஒரு பெண்ணின் கை, காகிதத்தின் விளிம்பிலிருந்து குன்றுக்குள் நீண்டுகொண்டே போனது.

“அக்கா, வேணாம்” என்றேன்.

“பைத்தியமா? எவ்ளோ அழகா இருக்கு பாரு. நா செதுக்காத கை, தினேஸ்!” அவள் கண்கள் மின்னின. “தெறப்பு விழாவுல இதையே மாட்டுவோம்.”

தோட்டத்தின் பழைய லயத்து வீட்டில் இன்னும் குடியிருக்கும் இருளாயி அன்று பழைய தகரம் கேட்டு வந்திருந்தாள். வாசலைத் தாண்டாமல் நின்றவள், மெஷின்மேல் இருந்த குங்குமத்தைப் பார்த்துவிட்டாள்.

“யாரு இதுக்குப் பொட்டு வச்சது?”

“நாந்தான். எலுமிச்சையும் குடுத்தோம்” என்றாள் சரளா.

இருளாயி தரையில் துப்பினாள். “படிச்ச புள்ளைங்கன்னு பேரு. பூசைக்கு எல்லா மெஷினுக்கும் எலுமிச்சை குடுப்போம். இதுக்கு மட்டும் குடுக்க மாட்டோம். இங்க வேல செஞ்ச எங்க பாப்பாவ இழுத்ததுலா இது. கை போச்சு, தோளு போச்சு, ஷீட்டு கெட்டுரும்னு இன்ஜின நிறுத்தல. அப்பறமும் பசி போகல அதுக்கு. கேக்கட்டும்னு விட்டுட்டோம். ஒரு தடவ குடுத்தா பழகிரும்.”

“அப்ப நீங்களே ஏதாச்சும் பரிகாரம் சொல்லுங்க” என்றார் அண்ணன், கேலியாக.

“பரிகாரமா? எலுமிச்சை எதுக்குக் குடுக்குறோம்? உயிருக்குப் பதிலா. அது பதில தின்னுருச்சு. இனி நெசத்தக் கேக்கும்.”

தகரத்தைக்கூட எடுக்காமல் அவள் போய்விட்டாள்.

சரளா கேட்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் முழங்கை வந்தது. மறுநாள் தோளும், அம்மை குத்திய தழும்பும். கடைசிக் காகிதத்தில் தோளுக்கு மேலே ஒரு தாடையின் வளைவு.

“மொகத்த விழாவுல எடுப்போம்” என்றாள்.

திறப்பு விழா அன்று மழை பிடித்துக்கொண்டது. ஈப்போவிலிருந்து சில பெண்கள் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். கொடியில் வரிசையாகத் தொங்கிய கைகளைப் பார்த்து, “இது யாரோட கை, ஒங்க கையா?” என்று ஒருத்தி கேட்டாள். சரளா சிரித்துக்கொண்டே அடுத்த காகிதத்தை எடுத்தாள்.

தகட்டின்மேல் காகிதத்தை விரித்து, வலது கையால் தடவி, உருளைகளுக்கு நடுவே தள்ளினாள். அண்ணன் கைப்பிடியைச் சுற்றினார். நான் வழக்கம்போல மறுபக்கம் நின்றேன்.

புளித்த பாலின் வாடை திடீரென்று மூக்கில் ஏறியது.

காகிதம் வந்துகொண்டிருந்தது. குன்று இல்லை. வெறும் கறுப்பு. அதன் நடுவில் ஒரு வாய், திறந்தபடி.

“போதும்ணே, நிறுத்துங்க” என்றாள் சரளா.

“நா கைய எடுத்துட்டேன்லா.”

அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தது.

“தினேஸ்.” அக்காவின் குரல் மிகச் சன்னமாக வந்தது. “கைய எடுக்க முடியல.”

கத்தினேனா என்று தெரியவில்லை. சுற்றி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அண்ணன் கைப்பிடியில் தொங்கினார். அது அவரையும் சேர்த்துத் தூக்கியது. பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். அக்காவின் கை வழுக்கி வெளியே வந்தது. மை மட்டும் அப்பியிருந்த, முழுசான கை.

அதே நொடியில் ஏதோ என் விரல்களைப் பிடித்தது.

இரும்பு இல்லை. விரல்கள். கண்ணாடி வளையல்கள் உரசும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு எனக்கு நினைவிருப்பது மருத்துவமனையின் வெள்ளைக் கூரைதான். என் வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்துகள் இன்னும் கோணலாகத்தான் வருகின்றன.

பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். மெஷினைக் கழற்ற வந்தவர்கள் உருளைகளுக்கு நடுவே ஒரு சொட்டு ரத்தத்தைக்கூடப் பார்க்கவில்லை. கீழே ஓர் எலுமிச்சை கிடந்ததாம். சரளா அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். குங்குமம் தொட்ட அதே எலுமிச்சை. வாடாமல், நசுங்காமல், இப்போதுதான் செடியிலிருந்து பறித்ததுபோல.

“திருப்பிக் குடுத்துருச்சு தினேஸ்” என்று அழுதாள். “வேண்டியத எடுத்துக்கிச்சு. முடிஞ்சிருச்சு.”

நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அந்த அச்சுகள் மணிக்கட்டோடு நிற்கவில்லையே.

மத்தியான வேளையில், வெளியே வெயில் கொளுத்தும்போது, புளித்த வாடை வருகிறது. இல்லாத என் விரல்களை யாரோ பிடிக்கிறார்கள். பிறகு குளிர்ந்த இரும்பு இரண்டு பக்கமும் அழுத்தியபடி மெல்ல ஏறுகிறது. முதலில் அது கட்டுப் போட்ட இடத்தோடு நின்றது.

நேற்று முழங்கைவரை வந்தது.

இன்று காலையில் சரளா எனக்குச் சட்டை மாற்றிவிட்டாள். என் தோளைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

தோளில் நான்கு விரல்கள், கறுப்பு மையில், இன்னும் ஈரமாக.